தசை எலும்பு ரோபோவில் ஆறு வருடம், எச்-இன்டெக்ஸ் 4: என் ஆய்வுப் பதிவை எப்படிப் படிப்பது?

தோள்_கட்டுபவன் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 11.20

வணக்கம். பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது தசை எலும்பு ரோபோத் துறையில். முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம், அதற்குப் பிறகு போஸ்ட்டாக்காக இரண்டு வருடம். ஆக ஆறு வருடமாக ஒரே ஒரு தோள்பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. போன வாரம் ஓர் இடத்தில் நேர்முகம். குழுவில் இருந்த ஒருவர் என் கூகல் ஸ்காலர் பக்கத்தைத் திரையில் போட்டார். ஏழு கட்டுரை, 61 மேற்கோள் (பிறர் தங்கள் கட்டுரைகளில் என்னுடையவற்றைக் குறிப்பிட்டது), அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் 4. "ஆறு வருடத்துக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை ரயிலில் அந்த நான்கையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏழு கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கை இப்படி: 31, 12, 9, 5, 3, 1, 0.

என்னோடு சேர்ந்து படிக்கத் தொடங்கிய நண்பர் ஆழ்கற்றல் துறையில் இருக்கிறார். அவருடைய ஒரே கட்டுரை என் மொத்தத்தையும் பல மடங்கு தாண்டிவிட்டது. நன்றாக உழைப்பவர், அவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. என் கேள்வி இதுதான்: என் துறைக்கு இந்த எண்கள் குறைவா? அடுத்த முறை யாராவது கேட்டால் நேர்மையாக என்ன சொல்வது?

ஜூரோங்_பழையவர் · செவ்வாய், காலை 6.45

தம்பி, நான் கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். ஆராய்ச்சி பற்றித் தெரியாது. முதலில் தசை எலும்பு ரோபோ என்றால் என்ன என்று சொல்லுங்கள். பட்டறையில் வெல்டிங் செய்யும் ரோபோக் கைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு தோளுக்கு ஏன் ஆறு வருடம்? அது தெரிந்தால்தான் ஏழு கட்டுரை அதிகமா குறைவா என்று எங்களைப் போன்றவர்கள் யோசிக்க முடியும்.

தோள்_கட்டுபவன் · செவ்வாய், பகல் 1.05

அங்கிள், அந்த அறையிலும் யாராவது இதைக் கேட்டிருந்தால் எனக்குப் பேச வாய் வந்திருக்கும்.

வெல்டிங் ரோபோவில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார் இருக்கும். அது திரும்பினால் கை திரும்பும். நம் உடம்பில் அப்படி இல்லை. எலும்புகள் தளர்வாகத்தான் பொருந்தியிருக்கின்றன. தோளில் மேற்கை எலும்பின் உருண்டை உட்காரும் குழி மிகவும் ஆழமற்றது. சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடிப்பதால்தான் அது தன் இடத்தில் நிற்கிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் ஒரு பக்கம் இழுக்க ஒன்று, திருப்பி இழுக்க இன்னொன்று. இதை இயந்திரத்தில் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் கென்ஷிரோ, கெங்கோரோ என்று முழு உடம்பையே இப்படிச் செய்தார்கள். கெங்கோரோவின் உலோக எலும்புக்கூட்டிலிருந்து தண்ணீர் கசியும். நமக்கு வியர்ப்பது போல அது ஆவியாகி மோட்டார்களின் சூட்டைத் தணிக்கும். சூரிக்கில் 2013இல் ரோபாய் என்ற சிறுவன் உருவ ரோபோவை அறிமுகப்படுத்தினார்கள்.

நான் பயன்படுத்துவது காற்றுத் தசை. ஒரு ரப்பர் குழாய், அதன்மேல் நைலான் பின்னல் உறை. காற்றை ஏற்றினால் குழாய் பருக்கும், பின்னல் அகலும், நீளம் சுருங்கும். சுருங்கும்போது இழுக்கும். 1950களில் ஜோசப் மெக்கிபன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், போலியோவால் கை செயலிழந்த தம் மகளுக்காக இதைச் செய்தார். இன்றைக்கும் மெக்கிபன் தசை என்றுதான் சொல்கிறோம். பின்னல் இழைகள் தசையின் நீளவாக்கிலிருந்து 54.7 பாகை சாய்ந்துவிட்டால் இழுவிசை சுழியாகிவிடும். அதற்கு மேல் சுருங்காது. தசை தன் நீளத்தில் கால் பங்கு, மிஞ்சினால் முப்பது விழுக்காடு வரைதான் சுருங்கும். தோளின் முழு அசைவையும் அந்தக் கால் பங்குக்குள் அடக்க வேண்டும்.

தசையை எலும்பில் கட்டும் இடம் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கை உயர வேண்டிய நேரத்தில் உருண்டை குழியை விட்டு நழுவிவிடும். உடனே எலும்பை மறுபடி அச்சிட வேண்டும், 14 தசைகளையும் கழற்றிக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றின் இழுவிசையையும் லோடு செல் என்ற விசை அளக்கும் கருவியில் அளந்து சரிபார்க்க வேண்டும். ஒரு திருத்தத்துக்கு இரண்டு வாரம் போகும். இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வருவதுதான் கட்டுரை என்ற எட்டுப் பக்கம்.

ஜூரோங்_பழையவர் · செவ்வாய், மாலை 4.30

புரிந்தது. கிரேன் கம்பிவடமும் அப்படித்தான், இழுக்கும், தள்ளாது.

ஒன்று கேட்கிறேன். உங்கள் தசை எந்த இடத்தில் அறுகிறது? எங்கள் வடம் நடுவில் போவது குறைவு. முனையில், கவ்வியில் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முதலில் இழை விடும். வடத்தைச் சோதிக்கும்போது துணியைச் சுற்றி அந்த இடத்தில் மெல்ல இழுத்துப் பார்ப்போம். அறுந்த இழை இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

தோள்_கட்டுபவன் · செவ்வாய், மாலை 5.10

அங்கிள், அதே இடம்! முனையில் கிளிப் இறுக்கிய இடத்துக்கு அடுத்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான். பின்னல் அங்கே அகல முடியாமல் நிற்கும், குழாய் மட்டும் பருக்கப் பார்க்கும். இழைகளுக்கு நடுவே ரப்பர் சின்னக் கொப்புளம் போலப் பிதுங்கும். சில ஆயிரம் முறை சுருங்கி விரிந்த பிறகு கொப்புளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீறல் தெரியும். அப்புறம் பட்டென்று வெடிக்கும். இரவெல்லாம் ஓடவிட்டு, ஆய்வுக்கூடத்தில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருப்பேன். சத்தம் கேட்டதும் எழுந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன். அந்தச் சோதனையைப் பற்றி எழுதியதுதான் 9 மேற்கோள் வாங்கிய மூன்றாவது கட்டுரை.

நூலடுக்கு · செவ்வாய், இரவு 9.40

தம்பி, நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு அளவீட்டுப் பிரிவில் பல வருடம் இருந்தேன். இந்த எண்களை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எச்-இன்டெக்ஸ் 2005இல் வந்தது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹோர்ஹே ஹிர்ஷ் அதைச் சொன்னார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். நான்காவது கட்டுரைக்குக் குறைந்தது நான்கு மேற்கோள் இருந்து, ஐந்தாவதுக்கு ஐந்து இல்லையென்றால் உங்கள் எச் 4. உங்களுடைய நான்காவது 5, ஐந்தாவது 3. அதனால் 4. முதல் கட்டுரையின் மேற்கோள் 31 ஆக இருந்தாலும் 310 ஆக இருந்தாலும் எச் அதே நான்குதான். இதைக் கவனியுங்கள். ஒரு பெரிய பணியும் ஒரு நடுத்தரப் பணியும் இந்த எண்ணுக்குள் ஒன்றாகிவிடும்.

துறைக்குத் துறை இந்த எண் மாறும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். உயிரியலில் இயற்பியலைவிட உயர்வாக வருவதைக் காட்டியிருக்கிறார். ஒருவருடைய பன்முகப் பணியை ஒற்றை எண் தோராயமாகத்தான் சொல்லும் என்றும் எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேற்கோள் அட்டவணை என்ற ஏற்பாடே ஆளை எடைபோட வந்ததல்ல. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் அந்த யோசனையை எழுதினார், 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாகக் கொண்டுவந்தார். ஒரு பழைய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு யார் யார் அதைத் தொட்டார்கள் என்று முன்னோக்கித் தேடிப்போக ஒரு வழி வேண்டும் என்று அவர் நினைத்தார். நூலகத்தில் இருந்தவள் என்ற முறையில், இன்றைக்கும் அதன் சிறந்த பயன் அதுதான் என்று நம்புகிறேன். எண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எண்ணைச் சொடுக்கினால் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் திறக்கும். அதைப் படியுங்கள்.

சரி, இப்போது என் கேள்வி. கட்டுரைகளில் உங்கள் பெயரை எப்படி எழுதுகிறீர்கள்? எல்லாவற்றிலும் ஒரே மாதிரியா?

தோள்_கட்டுபவன் · செவ்வாய், இரவு 10.15

அக்கா, அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அடையாள அட்டையில் என் பெயர், பிறகு எஸ்/ஓ, பிறகு அப்பா பெயர். முதல் மாநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றது, அப்பா பெயரைப் போட்டேன். பிறகு ஒருமுறை என் பெயரைக் குடும்பப் பெயராகவும் அப்பாவின் முதலெழுத்தை முன்னாலும் போட்டேன். ஒன்றில் இணையாசிரியர் ஒருவர் எனக்காக நிரப்பிவிட்டார்.

நூலடுக்கு · செவ்வாய், இரவு 10.40

நினைத்தேன். நம் ஆட்களின் பதிவுகளில் நான் அதிகமாகச் சரிசெய்தது இதைத்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. இந்தத் தரவுத்தளங்களோ கடைசிப் பெயரும் முதலெழுத்தும் என்ற அச்சில் வார்த்தவை. படிவம் ஒரு தடவை அப்பாவை ஆசிரியராக்கும், அடுத்த தடவை உங்களை. ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்துவிடுவார். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களின் பதிவு இன்னும் மோசம். சிலருக்கு முனைவர் பட்டக் காலத்துப் பணி முழுவதுமே காணாமல் போயிருக்கும்.

இன்று இரவே செய்யுங்கள். கூகல் ஸ்காலரில் உங்கள் பெயரை அல்ல, கட்டுரைத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். விட்டுப்போனவற்றைப் பக்கத்தில் சேருங்கள். ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுத்து இணையுங்கள். அப்புறம் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுங்கள். 2012இலிருந்து இருக்கிறது, இலவசம், 16 இலக்கம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. இனி எல்லாப் படிவத்திலும் அதைக் கொடுங்கள். பெயரையும் ஒரே வடிவத்தில் நிறுத்திவிடுங்கள். எந்த வடிவம் என்பது உங்கள் விருப்பம்.

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மற்ற மேற்கோள் தரவுத்தளங்களில் தனியாகத் திருத்தம் கேட்க வேண்டும். அங்கே எண்கள் குறைவாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். கூகல் ஆய்வேடுகளையும், மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுகிறது, அவை தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாடுகளையும் மட்டும் எண்ணுகின்றன.

தோள்_கட்டுபவன் · புதன், அதிகாலை 1.30

அக்கா, கை நடுங்குகிறது. அப்பா பெயரின் கீழ் ஒரு மாநாட்டுக் கட்டுரை அநாதையாகக் கிடந்தது, 14 மேற்கோள். இணையாசிரியர் நிரப்பிய இதழ்க் கட்டுரை இன்னொரு வடிவத்தில், 6 மேற்கோள். 5 மேற்கோள் இருந்த கட்டுரையின் முன்வரைவு தனிப் பதிவாக 4 வைத்திருந்தது. ஒருவர் இரண்டையுமே காட்டியிருந்ததால் சேர்த்தால் 8.

இப்போது அடுக்கினால் 31, 14, 12, 9, 8, 6, 3, 1, 0. ஒன்பது கட்டுரை, 84 மேற்கோள். ஆறாவதுக்கு 6. எச்-இன்டெக்ஸ் 6.

நேர்முகத்தில் அவர் திரையில் காட்டியது பாதி நான்தான்.

நிரல்காரி · புதன், காலை 8.20

வாழ்த்துகள். ஆனால் 4 ஆனாலும் 6 ஆனாலும் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நான் இயந்திரக் கற்றல் பக்கம் இருப்பவள். நீங்கள் சொன்ன நண்பரைப் போன்றவள். எங்கள் தரப்பையும் சொல்கிறேன்.

எங்கள் துறையில் எண்கள் உயர்வதற்கு ஆள்கூட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு. எங்கள் கட்டுரையைப் படித்தவர் அன்று மாலையே நிரலை இறக்கி ஓடவிட்டுப் பார்க்கலாம். உங்கள் தோளை யார் இறக்குவது? இயந்திரம் கட்டுபவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், அளவுப்படங்களைத் தருவதில்லை. பிறகு யாரும் பின்தொடரவில்லை என்று வருந்துகிறார்கள்.

உங்கள் துறையிலேயே அதிகம் மேற்கோள் பெற்றவற்றைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்சிம் 2007இல் கட்டுரையாக வந்தது. தசை, எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கணினியில் அசைத்துப் பார்க்கும் இலவச மென்பொருள். ஆயிரக்கணக்கான மேற்கோள். 2017இல் அதை வைத்தே, தசைகளை இயக்கி ஓடக் கற்றுக்கொள்ளும் மாதிரிக்குப் போட்டி வைத்தார்கள், எங்கள் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். உடல் அசைவைக் கணினியில் கணக்கிடும் முஜோகோ என்ற மென்பொருள் 2012இல் ஐரோஸ் என்ற ரோபோ மாநாட்டில் வந்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 2021இல் அதை வாங்கி இலவசமாக்கியது. அதன்மேல் கட்டிய மயோசூட் இப்போது தசை மாதிரிகளைக் கற்றல் ஆய்வாளர்களின் மேசைக்கே கொண்டுவந்துவிட்டது. பொதுவில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டால் பெயரைச் சொல்வார்கள்.

உங்கள் எலும்பு அளவுப்படங்கள் பொதுவில் இருக்கின்றனவா?

தோள்_கட்டுபவன் · புதன், பகல் 12.50

இல்லை. ஆய்வுக்கூடக் கோப்புறையில் இருக்கின்றன. வெடிப்புச் சோதனையின் தரவை மட்டும் கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டேன். நீங்கள் சொல்வது சுடுகிறது, ஆனால் சரி.

நிரல்காரி · புதன், பகல் 1.00

இன்னொன்று. ஹிர்ஷ் வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கும் சொல்லியிருக்கிறார் இல்லையா? 20 வருடத்தில் எச் 20 என்றால் வெற்றிகரமான அறிவியலாளர். உங்களுக்கு ஆறு வருடத்தில் ஆறு. அதையே சொல்லுங்கள்.

நூலடுக்கு · புதன், பகல் 1.35

வேண்டாம் தம்பி. அது இயற்பியலாளர்களை வைத்துச் சொன்ன கணக்கு. 4 என்ற எண் உங்கள் பணியைச் சொல்லவில்லை என்று வாதாடிவிட்டு, 6 வந்ததும் அது சொல்லுகிறது என்று மாறினால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

அளவுப்படங்கள் பற்றி நிரல்காரி சொன்னதை முழுதாக ஏற்கிறேன்.

மேசையின்_மறுபக்கம் · புதன், இரவு 8.05

ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். பொறியியல், ஆனால் ரோபோ அல்ல. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

ஏன் கேட்கிறோம்? விண்ணப்பங்கள் குவியும். குழுவில் ஒருவர் பொருளறிவியல், ஒருவர் கட்டுமானம், ஒருவர் தகவல்தொடர்பு. எல்லாருக்கும் பொதுவாகப் புரிவது எண்தான். அது சரியில்லை என்று எங்களுக்கும் தெரியும். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிப் பேசியதிலிருந்து வந்த பிரகடனம், இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோளை) வைத்துத் தனி ஆளை மதிப்பிடாதீர்கள் என்றது. 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை, எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்றது. 2020இல் ஹிர்ஷே தம் குறியீட்டின் தீய விளைவுகளைப் பற்றி எழுதினார். இவ்வளவுக்குப் பிறகும் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆறாவது ஆளைப் பார்க்கும்போது திரையில் இருக்கும் எண்ணைத்தான் கண் தேடும்.

அதனால் அந்த வேலையை நீங்களே எங்களுக்குச் செய்துகொடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு பத்தி: இந்தத் துறையில் ஒரு கட்டுரைக்குப் பின்னால் என்ன கட்ட வேண்டியிருக்கிறது, உங்கள் பணியை யார் எடுத்து என்ன செய்தார்கள். பெயர் தெரியாத நூறு மேற்கோளைவிட, "இவர்கள் என் தரவை வைத்து இதைச் செய்தார்கள்" என்ற ஒரு வாக்கியத்தை அறையில் இருக்கும் கட்டுமானப் பொறியாளரும் புரிந்துகொள்வார்.

மாநாட்டுக் கட்டுரை என்றாலே இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் துறையில் இக்ராவும் ஐரோஸும் கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் மாநாடுகள். இக்ரா 2017இல் இங்கேயே மரினா பே சாண்ட்ஸில் நடந்தது, ஒருநாள் போய்ப் பார்த்தேன். மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு வில்லைச் சேர்த்த பிராட், வில்லியம்சன் கட்டுரை 1995 ஐரோஸ் மாநாட்டில் வந்ததுதான். நெகிழ்வான மூட்டு பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைக் காட்டுகிறார்கள். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோபோக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

செங்காங்_இயன்முறை · புதன், இரவு 10.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சை செய்பவள். தினமும் பத்துத் தோளாவது பார்க்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், உறைந்த தோள், கீழே விழுந்த பாட்டிகள். 2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்கிறார்கள். இன்னும் அதிகமாகத்தான் பார்க்கப்போகிறேன்.

எனக்கு மேற்கோள் கணக்குத் தெரியாது. உங்கள் ரோபோவில் தோள்பட்டை எலும்பு நகருமா? கையை முழுதாக மேலே தூக்கும்போது 180 பாகையில் 120 மேற்கை மூட்டிலிருந்தும் 60 தோள்பட்டை எலும்பு சறுக்குவதிலிருந்தும் வரும். இரண்டுக்கு ஒன்று. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, பட்டை எலும்பின் கீழ்முனையில் கட்டைவிரலை வைத்துத்தான் அந்தத் தாளம் கெட்டிருக்கிறதா என்று பார்ப்போம். நான் பார்த்த படங்களில் ரோபோக்களுக்குத் தோள் என்று ஒரு பந்துதான் இருக்கிறது, பட்டை எலும்பே இல்லை.

தோள்_கட்டுபவன் · புதன், இரவு 11.15

அக்கா, நகரும். அதுதான் ஆறு வருடம்! பட்டை எலும்பை விலா எலும்புக் கூட்டின்மேல் சறுக்கவிட்டிருக்கிறேன். அதைப் பிடித்திருக்க மட்டும் ஐந்து தசை.

நீங்கள் சொன்ன இரண்டுக்கு ஒன்று 1944இல் இன்மனும் இரண்டு சக ஆய்வாளர்களும் எழுதியது. நான் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

செங்காங்_இயன்முறை · புதன், இரவு 11.25

அப்படியா! படிப்பில் முதல் வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் சொன்னது என்று தெரியாது.

நூலடுக்கு · வியாழன், காலை 7.50

இதற்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு பெயரே வைத்திருக்கிறார். ஒரு கண்டுபிடிப்பு எல்லாருடைய அறிவிலும் கலந்துவிட்டால் அதன் ஆசிரியரை யாரும் குறிப்பிட மாட்டார்கள். இந்த அக்கா தினமும் கட்டைவிரலால் இன்மனைப் பயன்படுத்துகிறார். எந்தத் தரவுத்தளத்திலும் அது ஏறாது.

தாக்கக் காரணி முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோளைத்தான் எண்ணும். உங்கள் துறையின் வேர்களோ வெகு ஆழத்தில் இருக்கின்றன. ஏ. வி. ஹில் தவளைத் தசையின் சூட்டையும் சுருங்கும் வேகத்தையும் அளந்து 1938இல் எழுதியது இன்றைக்கும் தசை மாதிரிகளின் அடித்தளம். அதைத் தசைநாணோடு சேர்த்து எல்லாரும் பயன்படுத்தும்படி சஜாக் தொகுத்தது 1989இல். மெக்கிபன் தசையை முறையாக அளந்து சமன்பாட்டில் வைத்த சௌ, ஹானஃபோர்டு கட்டுரை 1996இல், தசை வந்து நாற்பது வருடம் கழித்து. உங்கள் துறையை நேற்று உட்கார்ந்து தேடிப் பார்த்தேன் தம்பி, ஆசையாக இருந்தது.

மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைப் படித்தீர்களா?

தோள்_கட்டுபவன் · சனி, மாலை 6.00

படித்தேன் அக்கா. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு படித்தேன்.

31 மேற்கோள் உள்ள கட்டுரையில் தொடங்கினேன். ரோபோத் தோளின் முதல் வடிவத்தை விவரித்த கட்டுரை, என் பெருமை முழுவதும் அதில்தான் இருந்தது. 31இல் 22 பேர் முன்னுரையின் முதல் பத்தியில், வேறு ஏழெட்டுக் கட்டுரைகளோடு ஒரே அடைப்புக்குறிக்குள் என்னைப் போட்டிருக்கிறார்கள். "மனிதரைப் போன்ற தோள்களை உருவாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன." அவ்வளவுதான். நான்கு பேர் நாங்களே, எங்கள் ஆய்வுக்கூடம். மூவர் தங்கள் முடிவுகளோடு என்னுடையதை ஒப்பிட்டிருக்கிறார்கள். இருவர் மட்டும் என் தசைப் பாதைகளை எடுத்துத் தாங்களே கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு 9 மேற்கோள் உள்ள வெடிப்புச் சோதனை. நான் வெட்கப்பட்டுக்கொண்டே அனுப்பிய கட்டுரை அது. புதிதாக எதுவும் இல்லை, எங்கே கிழிகிறது என்ற கணக்குதான் என்று ஒரு மதிப்பாய்வாளர் எழுதியிருந்தார். ஒன்பதில் ஆறு பேர் என் தரவை இறக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! ஒருவர் கிளிப்புக்கு அடியில் மென்மையான வளையம் வைத்து, கொப்புளம் வராமல் தடுத்திருக்கிறார். இன்னொருவர் முதுகலை மாணவர். கால் தூக்கும் கருவி ஒன்றில் தசை எத்தனை நாள் தாங்கும் என்று கணிக்க என் அட்டவணையை அப்படியே எடுத்து, கீழே நன்றி சொல்லியிருக்கிறார். அவருக்கு நேற்று மின்னஞ்சல் போட்டேன், இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. எங்கள் ரப்பர் எந்தத் தடிமன் என்று கேட்டிருக்கிறார்.

நிரல்காரி, வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசிவிட்டேன். எலும்பு அளவுப்படங்களையும் தசை பொருத்தும் இடங்களின் பட்டியலையும் பொதுவில் வைக்கச் சம்மதித்தார். கோப்புகளின் பெயர்களைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன், "கடைசி_புதியது_3" என்றெல்லாம் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு எழுதிய பத்தி இது. சரியா என்று பாருங்கள்:

"ஆறு ஆண்டுகளில் தோள்பட்டை எலும்பு நகரும் ஒரு தசை எலும்பு ரோபோத் தோளை உருவாக்கி ஒன்பது கட்டுரைகள் வெளியிட்டுள்ளேன் (84 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 6). இவற்றில் பிறர் நேரடியாகப் பயன்படுத்தியது காற்றுத் தசைகளின் ஆயுட்காலத் தரவு. ஆறு வெளி ஆய்வுகள் அதைக் கொண்டு தசையின் முனைப் பொருத்தத்தை மாற்றியமைத்தோ ஆயுளைக் கணித்தோ உள்ளன. இரண்டு குழுக்கள் என் தசைப் பாதைகளை மீண்டும் கட்டியுள்ளன."

நூலடுக்கு · சனி, மாலை 6.40

அடைப்புக்குறிக்குள் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று சேருங்கள். "கூகல் ஸ்காலர்" என்றும் எடுத்த நாளும். எண்ணிக்கை தினமும் மாறும். உங்களுக்கு வந்த நான்கு மேற்கோள் உங்கள் ஆய்வுக்கூடத்தினுடையவை என்பதையும் மறைக்காமல் ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள். மற்றபடி கை வைக்க ஒன்றுமில்லை.

மேசையின்_மறுபக்கம் · சனி, இரவு 7.15

இரண்டாவது வாக்கியத்தை முதலில் போடுங்கள். எண்கள் பின்னால் வரட்டும்.

செங்காங்_இயன்முறை · சனி, இரவு 8.00

தம்பி, உங்கள் ரோபோவின் முதுகுப் பக்கம் காணொளி இருந்தால் போடுங்கள். பட்டை எலும்பின் கீழ்முனை தெரிய வேண்டும். கை 90 பாகையைத் தாண்டும்போது அது முன்னால் சுழல்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஜூரோங்_பழையவர் · ஞாயிறு, காலை 6.30

வெடித்த தசை ஒன்று கையில் இருக்கிறதா? எனக்கு அந்த முனையைப் பார்க்க வேண்டும். கவ்வியின் வாயைக் கொஞ்சம் விரித்து மணி போலச் செய்தால் எங்கள் வடம் கூடுதல் நாள் வந்தது, உங்களுக்கும் ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு காலையில் தேக்கா சந்தைக்கு வருவேன். எட்டரைக்குக் கோப்பிக்கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

தோள்_கட்டுபவன் · ஞாயிறு, காலை 6.50

மூன்று எடுத்து வருகிறேன் அங்கிள்.